ஹெட்போனோடு ராமேஸ்வரம் போன கதை

ராமேஸ்வரத்துக்கு எல்லோரும் பாவத்தைக் கழுவப் போவார்கள். நான் ஒரு கேசட்டைக் கேட்கப் போனேன். கூட வந்தவர் என் மாமியார். யார் கண்ணில் படக் கூடாது என்று அந்தக் கேசட்டை மூன்று வாரமாக அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேனோ, அதே மாமியார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடம். என் வீட்டுக்காரர் சவூதியில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். இந்த மூன்று வருடத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது எண்ணி மூன்று மாதம். எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாயும் கருவேலமும் நன்றாக வரும், போன் மட்டும் வரவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். நான் கடிதம் எழுதினால் கேம்பில் வேறு யாராவதுதான் உரக்கப் படித்துச் சொல்வார்கள். அதனால் கேசட்டில் பேசி அனுப்புவோம். லீவில் வருகிறவர்கள் கொண்டுவருவார்கள், திரும்பிப் போகிறவர்கள் கொண்டுபோவார்கள்.

கேசட் வந்தால் எங்கள் ஊரில் அதைத் தனியாகக் கேட்கிற பழக்கமே கிடையாது. டேப்பை முன்னறையில் வைத்து வீடே உட்காரும். பக்கத்து வீடும் உட்காரும். கேட்டால் மட்டும் போதாது, பதிலும் சொல்ல வேண்டும். "எல்லாரும் சௌக்கியமா?" என்று டேப் கேட்டதும், "சௌக்கியந்தான்யா, நீ சாப்ட்டியா?" என்று அத்தை டேப்பின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். பேசுகிறவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையாம். கடைசியில் "சாந்தி எப்படி இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார். இருபது பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் "ம்" என்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கை மூன்று வருடமாக அந்த "ம்"மில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முறை அவரோடு ஒரே கேம்பில் இருக்கும் காசிலிங்கம் லீவில் வந்து இரண்டு கேசட் கொடுத்தார். காசிலிங்கத்துக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம். ஒரு கேசட்டை அத்தையிடம் நீட்டினார். இன்னொன்று சாமி பாட்டுக் கேசட். அதை என்னிடம் தந்துவிட்டு, மோர் செம்பை வாங்குகிற சாக்கில் மெல்லச் சொன்னார்.

"மதினி, ரெண்டு பாட்டு முடிஞ்சதும் அண்ணன் பேசியிருக்காக. உங்களுக்கு மட்டுந்தானாம். லீவு முடிஞ்சு நான் கெளம்புறதுக்குள்ள பதில் வேணும்னாக. பதில வச்சுத்தான் ஒரு காரியம் இருக்காம்."

என்ன காரியம்? அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டு டேப்பில் போட்டால் தெருவே பதில் சொல்லும். என் வீட்டுக்காரர் போன லீவில் வாங்கித் தந்த வாக்மேன் இருந்தது. அதன் இயர்போனை ஆடு மென்றுவிட்டது. ஆட்டைக் கோபித்து என்ன செய்ய, கட்டாமல் விட்டது நான்தானே.

எங்கள் வீட்டு டேப் பாடும், பதியாது. எனவே பதில் கேசட்டைக் காசிலிங்கம் வீட்டிலேயே பேசிக் கொடுப்பது, அவருடைய பயணத்துக்கு முன்னால் மிளகாய்ப் பொடியும் ஊறுகாயும் சேர்ப்பது, அப்படியே மகனுக்காகத் தேவிபட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் வேண்டுதலை முடிப்பது என்று அத்தை திட்டம் போட்டார். மூன்று நாள். மூன்று நாளும் கவிச்சி கிடையாது என்று கடைசியாகச் சொன்னார். கடற்கரைக்குக் கூட்டிப் போய் மீன் தின்னாதே என்கிறவரை என்ன சொல்வது?

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி அரை மணி நேரத்தில் முதல் கூத்து. தலைக்கு மேலே பலகையில் வைத்திருந்த பொடி மூட்டையில் ஓட்டை. முதலில் டிரைவர் தும்மினார். பிறகு முன் வரிசை. காற்று உள்ளே வர வர பஸ் முழுக்கத் தும்மல். கண்டக்டர் கண்ணீரும் கம்பலையுமாக விசிலை ஊத முடியாமல் வந்து நின்றார்.

"யாரு மூட்டை இது?"

"எம் மகன் சவுதியில இருக்கான்," என்றார் அத்தை. அதுதான் பதில் என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் பாவம், தும்மிக்கொண்டே போய்விட்டார்.

ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு பாய் கடை. வெளிநாட்டுச் சோப்பு, சென்ட், கால்குலேட்டர், கேசட் எல்லாம் கிடைக்கும். அத்தையிடம் பாட்டுக் கேட்கத்தான் என்று சொல்லியிருந்தேன். பாய் மூன்று ஹெட்போன் எடுத்து வைத்தார். ஒன்று பஞ்சு வைத்த சின்னது. வெளிச் சத்தமும் உள்ளே வரும், உள்சத்தமும் வெளியே போகும். எனக்கு ஆகாது. இன்னொன்றின் விலையைக் கேட்டதும் பெட்டியை நானே மூடிக் கொடுத்தேன். மூன்றாவது கறுப்பு, காதை முழுசாக மூடுகிற கிண்ணம் இரண்டு, மேலே வளையம். பெயர் கேள்விப்படாத கம்பெனி. முட்டை விற்றுச் சேர்த்த காசுக்குள் அடங்கியது.

"மாட்டிப் பாரும்மா," என்றார் பாய்.

மாட்டினேன். கடைத்தெருவே செத்துப்போனது! எதிரே லாரி ஹாரன் அடிப்பது தெரிகிறது, சத்தம் எங்கேயோ அடுத்த ஊரில் கேட்கிறது. அத்தையின் வாய் அசைகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

கழற்றியதும் அத்தை கேட்டார். "இம்புட்டுப் பெரிய மூடி எதுக்கு? காதுக்குக் குளிரா?"

"பாட்டு நல்லாக் கேக்கும் அத்தை."

"அப்ப எனக்கும் ஒரு நாளு மாட்டி விடு."

தலையை ஆட்டினேன். அத்தை காதில் தண்டட்டி தொங்கும். காது தோள் வரை வளர்ந்திருக்கும். இதை எப்படி மாட்டுவது என்று யோசித்தேன், மேலே யோசிக்கவில்லை.

பேட்டரி வாங்க மறந்தது தேவிபட்டினம் போனதும்தான் தெரிந்தது. வாக்மேனுக்குள் கிடந்த பழசு பச்சைப் பச்சையாக ஒழுகியிருந்தது. கோயில் வாசல் கடைகளில் நவதானியம் கேட்டால் அள்ளிக் கொடுக்கிறார்கள், எள் கேட்டால் பொட்டலம் போடுகிறார்கள், பென்சில் பேட்டரி என்றால் டார்ச் கட்டை பேட்டரியை எடுத்து நீட்டுகிறார்கள். இடுப்பளவு கடல் தண்ணீரில் நவக்கிரகக் கல் ஒன்பதையும் சுற்றி வந்தபோது அத்தை மகனுக்காக வேண்டினார். நான் பேட்டரிக்காக வேண்டினேன். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிறோம், இங்கே சாமியே தண்ணீருக்குள் நிற்கிறது என்று அத்தைக்குப் பொறாமை. பக்கத்து வீட்டில் யாரோ மீன் வறுத்தார்கள். எனக்குப் பொறாமை அந்தப் பக்கம்.

வெள்ளிக்கிழமை காலை ராமநாதபுரம் பஸ் நிலையத்திலேயே பேட்டரி கிடைத்தது. ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறி, அத்தையை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டினேன். அடுத்த தொல்லை. கிண்ணம் அமுக்கியதில் கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் ஊசியாகக் குத்தியது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தேன். பிறகு கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்தேன்.

அத்தைக்கு வந்ததே கோபம். கிண்ணத்தைத் தூக்கிக் காதுக்குள்ளேயே சொன்னார். "கூறுகெட்டவளே, புருசன் கடல் தாண்டி இருக்கான், இங்கன மூளிக் காதோட உக்காந்திருக்க? மாட்டுடி முதல்ல."

மாட்டினேன். குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று பட்டனை அழுத்தினேன். முதல் பாட்டு ஓடியது. பஸ்ஸில் டிரைவர் சினிமாப் பாட்டைக் காது கிழிய வைத்திருந்தார். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலிவுச் சாமான் என்றாலும் சும்மா சொல்லக் கூடாது, வேலையைச் செய்தது. இரண்டாவது பாட்டு நடுவில் இருக்கும்போது பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓரமாக நின்றது. பஞ்சர். மண்டபம் தாண்டவில்லை. எல்லோரும் இறங்கினோம்.

காற்று என்றால் அப்படிக் காற்று. சேலை ஒரு திசை, மனுஷி ஒரு திசை. அத்தை பஸ்ஸின் மறைப்பில் போய் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தார். பத்தடி தள்ளி ரோட்டோரச் சின்னப் பாலத்துச் சுவரில் நான் உட்கார்ந்தேன். ஹெட்போனுக்குள் காற்று வரவில்லை. பாட்டு நின்றது. தொண்டையைக் கனைக்கிற சத்தம். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும்.

"சாந்தி, நாந்தான். பக்கத்துல யாரும் இல்லையே? இருந்தா நிப்பாட்டிரு."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எனக்கு இங்கன முடியல புள்ள. காலு வீங்குது. மத்தியானத்துல கம்பியத் தொட்டா கை வெந்துபோகுது. டாக்டரு வெயில்ல நிக்காதங்கிறாரு, நிக்காம எப்படி? இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாக. மாசக் கடைசிக்குள்ள போடணும். அம்மா ஒவ்வொரு கேசட்டுலயும் வீடு பாதியில நிக்கிது, நிக்கிதுங்குது. அதுட்ட இதச் சொல்ல எனக்கு வாய் வரல. தாங்காது. நீ சொல்லு. போடவா? வந்துறவா? நீ வந்துருன்னு ஒரு வார்த்தை ஒன் வாயால சொன்னாப் போதும், வந்துர்றேன்."

பிறகு வேறு சில சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

அழுதேன். பஞ்சர் பஸ்ஸுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், இரண்டு காதிலும் கிண்ணத்தோடு உட்கார்ந்து நன்றாக அழுதேன். வடநாட்டிலிருந்து ராமேஸ்வரம் வந்த ஒரு அம்மா என் எதிரே வந்து நின்றார். ஹெட்போனைத் தொட்டார், கன்னத்தைத் துடைத்தார், இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார். பஸ்ஸில் வந்த ரயில்வேக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடணுமாம்மா. எப்பேர்ப்பட்ட காதுவலியும் ஓடிருமாம். அவங்க மருமகளுக்கும் இப்படித்தான் கட்டுப் போட்டாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அந்த அம்மாவுக்குத் திருப்தி. வைத்தியம் சொன்னதுமே வலி குறைந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அத்தை வெற்றிலையோடு வந்து, "என்னத்தா மூஞ்சி வீங்கியிருக்கு?" என்றார். காற்றில் மண் விழுந்துவிட்டது என்றேன்.

பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னலுக்குத் தாவி ரயில் பாலத்தைப் பார்த்தார்கள், கடலுக்குக் காசு போட்டார்கள். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நேராகச் சொல்லிவிடலாமா? உங்கள் மகனுக்குக் கால் வீங்குகிறது, வரச் சொல்லுங்கள் என்று? பெற்ற மகனே சொல்ல வாய் வராமல் விட்டதை நான் எப்படிச் சொல்ல? சொன்னாலும் நம்புவாரா, இல்லை புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மருமகள் கதை கட்டுகிறாள் என்பாரா? அந்த வீடு அத்தைக்கு உயிர். நாலு சுவர் எழும்பி, தளம் போடாமல் வானத்தைப் பார்த்து நிற்கிறது. தினமும் சாயங்காலம் போய் அதற்குள் நின்றுவிட்டு வருவார்.

ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்தோம். வாளியைத் தூக்கி ஊற்றுகிறவர்கள் ஊற்றுகிற வேகத்தில் பாவம் போகிறதோ இல்லையோ, மூச்சு போகிறது. ஹெட்போன் பையை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே இருபத்திரண்டையும் வாங்கினேன். வாளிக்காரர் ஒருவர், "பிள்ளையா அது, இப்படிப் பொத்தித் தூக்குறீங்க?" என்று கேட்டார். மத்தியானம் ஓட்டலில் சாம்பார் சோறு. சுற்றிலும் குஜராத்தியோ மராட்டியோ பேசிக்கொண்டு சாப்பிட்டவர்கள் சாம்பாரின் காரத்துக்குத் தண்ணீர் தண்ணீர் என்று கை நீட்டினார்கள். அத்தை வாயில் வைத்துவிட்டு, "இது என்ன, மிளகாயக் காட்டிட்டு எடுத்துட்டாகளா?" என்றார்.

சனிக்கிழமை காலை அக்காள்மடம். காசிலிங்கம் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணி பஸ்ஸில் அவர் மதுரை போக வேண்டும். அவர் மனைவி செல்வி எங்களுக்கு இடியாப்பமும் நண்டுக் குழம்பும் வைத்தார். வேண்டுதல் முடிந்தது என்று அத்தை அறிவித்தார். மூன்று நாள் விரதத்தையும் நான் முதல் நண்டிலேயே தீர்த்துக்கொண்டேன்.

கூடத்து மேஜையில் பெரிய டூ-இன்-ஒன். காசிலிங்கம் புதுக் கேசட்டைப் போட்டு, பட்டனைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டப் போனார். முதலில் அத்தை. இடுப்புச் சேலையைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு அருகில் போய்ப் பேசினார்.

"அய்யா வேலு, நாங்கள்லாம் சௌக்கியம். மழை இல்ல. கெடா ஒண்ணு வித்தாச்சு. வீடு அப்படியேதான் நிக்கிது, தளம் போட்டாத்தான் ஊருக்குள்ள தல நிமிந்து நடக்க முடியும். இன்னம் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்துருய்யா. கையெழுத்துக் கேட்டாகன்னா போட்டுரு. இந்தா, இவ பேசுறாளாம்."

மைக் என்னைப் பார்த்தது. அத்தை இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்தார். இந்தப் பார்வைக்கு முன்னால் "வந்துருங்க" என்று எப்படிச் சொல்வது? காசிலிங்கத்திடம் காதோடு சொல்லி அனுப்பலாம். ஊரான் வாயில் என் பதிலைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டுக்காரரும் என் வாயால்தானே சொல்லச் சொன்னார்? அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை தோன்றியது. பதிவை நிறுத்தினேன்.

"அத்தை, பாட்டுக் கேக்கணும்னீகளே, கேக்குறீகளா?"

அத்தை முகம் மலர்ந்தது. வாக்மேனில் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றினேன். கிண்ணம் இரண்டும் அத்தையின் காதுகளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. தண்டட்டிகள் கீழே தாராளமாகத் தொங்கின. ஒலியை முழுசாகக் கூட்டினேன். இரண்டு பாட்டு, பத்து நிமிடம். எனக்கு வேண்டியது ஒரே வார்த்தை. அதற்குள் சொல்லி முடித்து வாக்மேனை நிறுத்திவிடலாம். அத்தை சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். நான் பதிவுப் பட்டனை அழுத்தினேன்.

"நான் சாந்தி பேசுறேன்," என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. மூன்று வருடமாக "ம்" சொல்லிப் பழகிய வாய். "நல்லா இருக்கேன். மிளகாச் செடில பூ கொட்டுது. இயர்போன ஆடு தின்னுருச்சு. ஆடு நல்லா இருக்கு." என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். செல்வி டீயோடு வந்து, நான் பேசுவதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார். "பஸ்ஸுல பொடி கொட்டிருச்சு. எல்லாரும் தும்முனாக. ராமேஸ்வரத்துல நல்லாக் குளிச்சோம்." எதையெதையோ பேசினேன். தும்மல் கதையை மட்டும் இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒருவழியாக மைக்குக்கு அருகில் குனிந்து, "ஏங்க, நீங்க கேட்டதுக்கு..." என்று தொடங்கினேன்.

"ஏய்யா!"

வீடே அதிர்ந்தது. திரும்பினேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த வாக்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

"காலு வீங்குதா? எம்புட்டு நாளா வீங்குது?"

காது மூடியிருக்கிறவருக்குத் தன் குரலின் அளவு எப்படித் தெரியும்? தனக்குள் முனகுவதாக நினைத்துக் கத்திக்கொண்டிருந்தார். செல்வி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். காசிலிங்கம் சட்டையில் பாதிப் பொத்தானோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"எனக்கு ஏன்யா சொல்லல? தாங்காதுன்னு நீயா நெனச்சுக்குவியா? ஒன்னப் பெத்ததையே தாங்குனவ நான்." மூக்கைச் சிந்தினார். "வீடு கெடந்துட்டுப் போகுது. ஓலயப் போட்டுக் கெடப்போம், இம்புட்டு நாளும் ஓலைக்குக் கீழ தான கெடந்தோம். போடாத. கையெழுத்துக் கையெழுத்துன்னு எவன் வந்தாலும் போடாத. வந்துருய்யா. வந்துரு."

நான் ஓடிப்போய் வாக்மேனை நிறுத்தினேன். அவர் எனக்கு மட்டும் சொன்ன அந்தப் பகுதி வருவதற்குள் நிறுத்திவிட்டேன் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

அத்தை ஹெட்போனைக் கழற்றினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில் காசிலிங்கத்திடம் சொன்னார்.

"தம்பி, நான் மொதல்ல பேசுனத அழிச்சுரு. எம் மகனுக்குப் புதுசா ரெண்டு வார்த்த பேசணும்."

காசிலிங்கம் மேஜையைப் பார்த்தார். டூ-இன்-ஒன்னில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் போய்ப் பட்டனை அமுக்கி நிறுத்தினார். கேசட்டை எடுத்துப் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்தார்.

"அதெல்லாம் பேசிட்டீகம்மா," என்றார். "அண்ணனுக்கு நல்லாக் கேக்குற மாதிரியே பேசிட்டீக."